பங்கு போட்ட மாத்திரை

ஜொவிட்டா டீச்சர் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டு கத்தின கதை சாந்தோமில் அந்தத் தெருவுக்கே தெரியும். உள்ளே போகும்போது எப்படியோ தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டாள். குளித்து முடித்துத் திறக்கப் பார்த்தால் விரல் மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. மணிக்கட்டால் இடித்தாள், முழங்கையால் இடித்தாள், தாழ்ப்பாள் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் மாடி வீட்டுக்காரர் வந்து கதவை உடைத்தார். ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு அவள் நின்ற கோலத்தை எதிர்வீட்டு ஜன்னல்கூடப் பார்த்துத் தொலைத்தது. அன்றையிலிருந்து அவள் குளிக்கப் போனால் கணவர் ஃபிரெட்ரிக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பாவம், அன்பாகத்தான் செய்தார். அவளுக்கோ செத்துப்போகலாம் போல இருந்தது.

வியாதி முடக்குவாதம். வயசானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை இது. அவளுக்கு அப்போது நாற்பதுதான். கிருமியை அடித்து விரட்டவேண்டிய உடம்பின் காவல்படை, சொந்த மூட்டையே எதிரி என்று நினைத்து மொத்திக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சரால் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வேதனை. ஒரு வாண்டு எழுந்து வந்து, “நான் எழுதட்டா மிஸ்?” என்று கேட்டுவிட்டுப் போர்டில் எழுதியது. அன்று சாயங்காலமே சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். தலைமை சிஸ்டர் நல்லவர்தான், ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார்: “அடுத்த ஜூன்ல வந்துடுங்க ஜொவிட்டா. இல்லேன்னா நான் வேற ஆள் போட்டாகணும்.”

ஸ்டீராய்டு சாப்பிட்டு முகம் பந்து மாதிரி வீங்கினதுதான் மிச்சம். வாரம் ஒருதரம் போடும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி. ரவிக்கைக் கொக்கியை மகள் ஆனிதான் மாட்டிவிடுவாள். காலேஜுக்கு நேரமாகிவிட்டால் அவள் அவசரத்தில் ஒரு கொக்கியை விட்டுவிடுவாள். நாள் முழுக்க அந்த ஒற்றைக் கொக்கி திறந்தே கிடக்க, ஜொவிட்டா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். கோயிலுக்குக்கூடப் போகமாட்டாள். நாலு சுவரும் ஒரு ஜன்னலும், அவ்வளவுதான் உலகம்.

மெட்ராஸ் சென்னையாகப் பெயர் மாறின வருஷம், மழைக்காலம். தி.நகரில் டாக்டர் பஞ்சாட்சரம் என்பவர் ஒரு புது மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். மருந்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. இரண்டு எழுத்தும் நாலு நம்பரும்தான்.

“எலிக்குக் குடுத்ததைக் கொண்டுவந்து உனக்குக் குடுக்கறாங்க ஜொவி,” என்றார் ஃபிரெட்ரிக்.

“எலிக்கு நல்லாயிடுச்சாம். எனக்கும் ஆகட்டும்.”

பஞ்சாட்சரம் பொறுமைசாலி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே விளக்கினார். “உங்க உடம்புல காவல் காக்கற செல்லுங்க வெறி புடிச்ச மாதிரி பெருகுது. அப்படிப் பெருகணும்னா அதுக்குள்ள ஒரு என்சைம் வேலை செஞ்சாகணும். இந்த மருந்து அந்த என்சைமை வேலை செய்ய விடாது. பூட்டுக்குள்ள தீக்குச்சியை ஒடிச்சு விட்டா சாவி நுழையுமா? அந்த மாதிரிதான்.”

“வியாதி நின்னுடுமா சார்?”

“நிக்காதும்மா. கொட்டம் அடங்கும். ஆனா ரெண்டு விஷயம் இப்பவே சொல்லிடறேன். இதுல சேர்ற பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்பெனிக்குத்தான் தெரியும். ரெண்டாவது, இது ஈரலைத் தாக்கினாலும் தாக்கும். உள்ள போச்சுன்னா லேசுல வெளிய வராது, மாசக்கணக்குல தங்கும். ஏதாவது ஆச்சுன்னா மாத்திரையை நிறுத்தினா மட்டும் போதாது. அதை வெளியேத்தறதுக்குன்னே ஒரு பொடி இருக்கு, அதைத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும். அதனால உடம்புல எது மாறினாலும் என்கிட்ட மறைக்கக்கூடாது.”

“மறைக்க மாட்டேன் சார்,” என்றாள் ஜொவிட்டா. மனசாரத்தான் சொன்னாள்.

அங்கே காத்திருக்கும் பெஞ்சில் அறிமுகமானவள்தான் புஷ்பம். மயிலாப்பூர் சித்திரக்குளம் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி போடுகிறவள். புருஷன் இல்லை. மகன் கபாலி ஆட்டோ ஓட்டுகிறான். அவளுக்கும் இதே வியாதி, இதே சோதனை, இதே வெள்ளை மாத்திரை. முதல் நாளே ஜொவிட்டாவின் கையைத் தூக்கித் தன் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

“அட, ஒனக்கும் அதே வெரலு! இன்னாக்கா, நம்ம ரெண்டு பேரும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி கீறோம்!” என்று சிரித்தாள். வியாதி வந்ததிலிருந்து அந்தக் கையைப் பார்த்து யாரும் சிரித்ததே இல்லை. ஜொவிட்டாவும் சிரித்துவிட்டாள்.

கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க ஜொவிட்டாவின் கை இளகியது. ஒருநாள் காலையில் ஆனி குளித்துக்கொண்டிருந்தாள். ஜொவிட்டா சும்மா முயற்சி பண்ணிப் பார்ப்போமே என்று ரவிக்கைக் கொக்கியில் விரலை வைத்தாள். மாட்டியது. அடுத்ததும் மாட்டியது. மாதாவே என்று கட்டிலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு அவள் கையால் சுட்டது. ஃபிரெட்ரிக் குளியலறை நாற்காலியைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டார். ஜூன் மாசம் பள்ளிக்கூடம் போய்விடலாம் என்று அவளுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

புஷ்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. விரல் அப்படியே, வீக்கம் அப்படியே. “ஒன்னுது ஒரிஜினலு, என்னுது மாவு. கவலய வுடுக்கா, மாவுதான நம்ம பொழப்பே,” என்று சொல்லிச் சிரிப்பாள். ஆனால் பொங்கல் கழிந்து ஒருநாள் அவள் டாக்டரிடம் வரவில்லை. ஜொவிட்டா விசாரித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். இட்லிக் குண்டானைத் தூக்கும்போது கை வழுக்கி, கொதிக்கிற தண்ணீர் இரண்டு காலிலும் கொட்டியிருந்தது. வண்டி நிற்கிறது, அடுப்பு அணைந்து கிடக்கிறது, புஷ்பம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

இந்த ஊரில் நாம் மாத்திரையை எப்படிப் புழங்குகிறோம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கறிவேப்பிலை மாதிரிதான். பக்கத்து வீட்டில் தலைவலி என்றால், “எங்க டாக்டர் எழுதினது, நல்லா கேக்குது, ரெண்டு போட்டுப் பாருங்க” என்று சுவருக்கு மேலே கையை நீட்டிக் கொடுப்போம். கொடுக்காதவளைக் கஞ்சப் பிசினாறி என்போம். படித்தவள், படிக்காதவள் வித்தியாசமே கிடையாது. ஜொவிட்டாவும் இந்த ஊர்க்காரிதானே! வெந்த காலைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“ஒருநாள் விட்டு ஒருநாள் என் மாத்திரையை நீ போட்டுக்கோ புஷ்பம். அன்னைக்கு உன்னுதை நான் போட்டுக்கறேன். டாக்டர் பாட்டில்ல மிச்சத்தை எண்ணிப் பார்த்தாலும் சரியா இருக்கும்.”

புஷ்பம் எழுந்து உட்கார்ந்தாள். “வேணாங்கா, ஒனக்குக் கொறஞ்சிடப் போவுது,” என்றாள். ஆனால் அவள் கை அதற்குள் நீண்டுவிட்டது.

சித்திரை வெயிலுக்குள் புஷ்பத்தின் வண்டி மறுபடி தெருவில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கபாலி ஆட்டோவில் வந்து, சூடாக இட்லியும் வடகறியும் கொடுத்துவிட்டுப் போவான். “அம்மா குடுத்துட்டு வரச் சொல்லிச்சு டீச்சர்” என்பான். அவன் தாய்க்கு எதனால் நல்லாயிற்று என்று அவனுக்குத் தெரியாது. ஃபிரெட்ரிக்குக்கும் தெரியாது. அவர் பாட்டுக்கு வடகறியை ரசித்துச் சாப்பிடுவார். ஜொவிட்டா ஒரு விள்ளலைப் பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். ஏனென்றால் அவள் மணிக்கட்டு மறுபடியும் காலையில் கெட்டியாகத் தொடங்கியிருந்தது. ஜூன் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. இனி பங்கு வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள், வாராவாரம் நினைத்தாள். பெஞ்சில் புஷ்பம் விரலை நீட்டி மடக்கிக் காட்டி, “பாத்தியாக்கா, எல்லாம் ஒன்னாலதான்!” என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தால் எந்த வாயால் சொல்வது? கொடுத்ததைத் திரும்பக் கேட்கிற வித்தை அவளுக்குத் தெரியவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு ஜூனில் பள்ளிக்கூடம் போனாள். வலித்தது, ஆனாலும் எழுத முடிந்தது. போர்டில் தன் கையெழுத்தைப் பார்த்தபோது, வலி கிடக்கிறது போ என்று இருந்தது. இப்படியே காலம் ஓடிவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஆடி மாசம் புஷ்பத்தின் கண் மஞ்சளாயிற்று. சோறு பிடிக்கவில்லை, எழுந்து நிற்க முடியவில்லை. கபாலி அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேரே டாக்டரிடம் ஓடினான். போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி டீச்சரையும் ஏற்றிக்கொண்டான். பஞ்சாட்சரம் பதறிப்போய்க் கம்பெனிக்குப் போன் போட்டார். இந்த மாதிரி ஆபத்துக்கு மட்டும் அவர்கள் ரகசியத்தைச் சொல்வார்களாம். போனை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“பயப்படாதப்பா. உங்கம்மாவுக்கு வந்தது வெறும் மாவு மாத்திரை. எங்க மருந்தே அவங்க உடம்புல போகல. இது தண்ணியில வர்ற சாதாரணக் காமாலை. எண்ணெய், காரம் வேணாம், ஓய்வா இருக்கட்டும், தானா இறங்கிடும்.”

ஜொவிட்டா புஷ்பத்தின் பக்கம் திரும்பினாள். புஷ்பம் அவளைப் பார்த்தாள். மஞ்சள் கண்ணால் வாயை மூடு என்று கெஞ்சுகிற பார்வை அது. ஜொவிட்டா வாயை மூடிக்கொண்டாள்.

இனி என் மாத்திரையைத் தொடாதே என்று புஷ்பத்திடம் சொல்லிவிட்டாள்தான். அது போதுமா? நிறுத்தினால் மட்டும் போதாது என்று டாக்டர் முதல் நாளே சொன்னாரே! அந்தப் பொடி வேண்டும். பொடி வேண்டுமென்றால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லவேண்டும். சொன்னால் சோதனையிலிருந்து கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள், மாத்திரை போய்விடும், கை போய்விடும், மறுபடி நாற்காலி, மறுபடி ஜன்னல். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஒருவேளை நிஜமாகவே தண்ணீரில் வந்த காமாலையாக இருந்தால்? அப்படி இருக்கட்டும் சேசுவே, அப்படியே இருக்கட்டும் என்று மன்றாடினாள். கபாலி கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறானாம், கொஞ்சம் தேவலையாம் என்று சொல்லியனுப்பினான். அதைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் தள்ளினாள். மறுநாள் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு எழுதினாள். அதற்கும் மறுநாள் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டு, எரிந்து விழுந்தது, பொறாமைப்பட்டது, பூசைக்குப் போகாதது எல்லாவற்றையும் சாமியாரிடம் ஒப்பித்தாள். இதை மட்டும் மென்று முழுங்கிவிட்டு எழுந்து வந்தாள்.

கோயிலிலிருந்து நேரே புஷ்பம் வீட்டுக்குப் போனாள். புஷ்பத்துக்கு அவள் யார் என்று தெரியவில்லை. “கபாலி, யாரோ வந்துகீறாங்க பாரு,” என்றாள். உள்ளங்கையெல்லாம் மஞ்சள். நாக்குக் குழறியது. கபாலி சுவரோரம் குந்தி உட்கார்ந்து கீழாநெல்லியை அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தான், மாங்கு மாங்கென்று. ஜொவிட்டாவால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

“கபாலி, அதைப் போட்டுட்டு அம்மாவைத் தூக்கு. வண்டியை எடு.”

பஞ்சாட்சரத்தின் அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பொங்கலிலிருந்து ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பொறுமைசாலி மனுஷன் மேஜையை ஓங்கி அறைந்தார்.

“என்ன காரியம்மா பண்ணியிருக்கீங்க! படிச்சவங்கதானே நீங்க? மாவுன்னு நம்பி அந்த அம்மாவை நான் வீட்டுக்கு அனுப்பிட்டேனே! இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பொணம்தாம்மா!”

திட்டிக்கொண்டே போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொன்னார். பொடியை அவரே பீரோவிலிருந்து எடுத்துக் கபாலியின் கையில் திணித்தார். ஆட்டோ போனபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வடிந்திருந்தது. அதற்குக் கோபமே தேவலை.

“இனிமே உங்களுக்கு மாத்திரை தரமுடியாதும்மா.”

“தெரியும் சார்.” தெரியும் என்று சொன்னவள், அடுத்த மூச்சில் கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள். “சார், அந்தச் சோதனைக் கணக்குலேருந்து என்னை எடுத்துடுங்க. வேற பேர்ல குடுங்க. என்கிட்ட எது வேணா எழுதி வாங்கிக்கங்க. எனக்கு மூணாம் கிளாஸ் இருக்கு சார்.”

“பீரோ நிறைய இருக்கு. சாவியும் என்கிட்டத்தான் இருக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒண்ணு எடுத்துக் குடுத்தேன்னா இங்க வர்ற அத்தனை பேருக்கும் இந்தச் சோதனையே நின்னுபோயிடும். கடையில வர எத்தனை வருஷமாகுமோ, வருமோ வராதோ, அதுவும் தெரியாது. என்னை மன்னிச்சுடுங்க.”

புஷ்பம் பிழைத்தாள். ஆஸ்பத்திரிக்கு ஜொவிட்டா பார்க்கப் போனபோது அவளுக்கு நன்றாக நினைவு திரும்பியிருந்தது. தலைமாட்டில் சாத்துக்குடியை வைத்தாள். புஷ்பம் அதைப் பார்க்கவில்லை, ஜொவிட்டாவின் கையைத்தான் பார்த்தாள். அந்தக் கை சாத்துக்குடியை நன்றாகப் பிடித்து வைத்தது.

“வந்துட்டியா? எனக்குக் கெடச்ச பாதி மருந்தையும் கெடுத்துட்டே. போய்ச் சொல்லிட்டு நல்ல பேரு வாங்கினே, மருந்தும் பூரா ஒனக்கே ஆச்சு. கொறயில்லாம முழுங்கு, போ.”

“இல்ல புஷ்பம்—”

“போக்கா சொல்றேன்!” என்று கத்தினாள். நர்ஸ் வந்து ஜொவிட்டாவை வெளியே போகச் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கபாலி வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

உடம்பில் தங்கியிருந்த மருந்து தீரும்வரை ஜொவிட்டாவின் கை ஓடியது. தீபாவளி வரைக்கும் போர்டில் எழுதினாள். அதற்கப்புறம் எழுத்து பெரிசாயிற்று, கோணிற்று, ஒருநாள் சாக்பீஸ் விரலிடுக்கில் நிற்கவே இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் ராஜினாமாவை ஆனிதான் எழுதினாள், அம்மா சொல்லச் சொல்ல. தலைமை சிஸ்டர் அவள் தோளைத் தொட்டு, “ஜெபம் பண்றேன் ஜொவிட்டா,” என்றார். பண்ணியிருப்பார்.

தை பிறந்து ஒரு சாயங்காலம், வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல், எங்கே போகிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளாமல் சித்திரக்குளம் வரைக்கும் நடந்துவிட்டாள். புஷ்பம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வண்டியை விற்றுவிட்டார்கள். அவள் கை மடியில் சுருண்டு கிடந்தது. ஜொவிட்டாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், போ என்று மட்டும் சொல்லவில்லை. கபாலி என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே போய் ஒரு டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினான்.

ஜொவிட்டா வலது கையை நீட்டினாள். பிடிபடவில்லை. இடது கையையும் சேர்த்து இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே டம்ளரை வாங்கினாள். பாதி டீ புடவையில் கொட்டியது. புஷ்பம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஒன்னியும் நிறுத்திட்டாங்களா?”

“அன்னைக்கே.”

“அன்னிக்கேன்னா? நீ சொன்னியே, அன்னிக்கா?”

“ம்.”

“நிறுத்திடுவாங்கன்னு தெரிஞ்சுதான் போய்ச் சொன்னியா?”

“தெரிஞ்சுதான்.” டம்ளரை மெதுவாகப் படியில் வைத்தாள். “மூணு நாள் சொல்லாம இருந்தேன் புஷ்பம். நீ மஞ்சளாக் கெடந்தே. நான் பள்ளிக்கூடம் போயிட்டுப் போயிட்டு வந்தேன். நீ செத்தாலும் பரவாயில்லன்னு ஒரு ராத்திரி நெனைச்சேன்.”

புஷ்பம் தன் விரல்களைப் பார்த்தாள், அப்புறம் ஜொவிட்டாவின் விரல்களைப் பார்த்தாள்.

“நானா இருந்தா சொல்லியே இருக்க மாட்டேன்க்கா,” என்றாள். “சத்தியமா. ஒன்ன சாக வுட்டுட்டு வண்டியத் தள்ளிக்கினு போயிருப்பேன்.”

அந்த மூன்று நாளைப் பற்றி ஜொவிட்டா ஃபிரெட்ரிக்கிடம் சொல்லியிருந்தாள், பிற்பாடு சாமியாரிடமும் சொல்லியிருந்தாள். அதான் கடைசியில சொல்லிட்டியே என்று இருவரும் ஆறுதல் சொன்னார்கள். அது அவளுக்கு ஒட்டவே இல்லை. புஷ்பம் சொன்னது ஒட்டியது. அவள் அந்தப் படியிலேயே புஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதாள். புஷ்பம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.